காட்பாடி வெயிலில் காலிஃபிளவர்

இரண்டு ஆண்டுகளாக எங்கள் கொல்லையில் காலிஃபிளவர் பொத்தான் அளவிலேயே நின்றுவிட்டது. ஜனவரி கடைசியில் நட்டதுதான் பிழை. வேலூர் வெயில் மார்ச்சிலேயே ஏறிவிடும். இந்தப் பயிருக்குக் குளிர் வேண்டும்.

போன முறை செப்டம்பர் கடைசியில் விதைத்து, 25 நாள் நாற்றை ஒன்றரை அடி இடைவெளியில் நட்டேன். முற்றிய நாற்றிலும் பூ சிறுத்துப்போகும் என்பதால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை. ஐப்பசி மழை தேங்காதபடி பாத்தியை உயர்த்தினேன். பச்சைப்புழுக்களைத் தினமும் காலையில் இலையடியிலிருந்து பொறுக்கினேன். மாமியார் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தார், அவர் கை ராசியான கை.

பூ எலுமிச்சை அளவு வந்ததும் வெளியிலைகளை அதன்மேல் மடக்கி, வாழைநாரால் தளர்வாகக் கட்டினேன். வெயில் படாததால் மஞ்சளாகவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் அறுத்த முதல் பூ முக்கால் கிலோ! வெண்ணெய் போல வெள்ளை.