தட்டுப்பாடு வருமுன் வீட்டில் மளிகை இருப்பு வைப்பது எப்படி?

கடைகளில் பொருள் தீர்ந்துவிட்டது என்ற செய்தி பரவிய பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இருப்பு வைப்பது ஆகாது. அந்த நேரத்தில் கிடைப்பதைத்தான் வாங்க முடியுமே தவிர, தேவையானதை வாங்க முடியாது. வெள்ளம், புயல், போர், தொற்றுநோய், நெடுநாள் மின்தடை என்று காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு குடும்பம் முதல் சில வாரங்களைப் பதற்றமில்லாமல் கடப்பது, நிலைமை சாதாரணமாக இருந்த மாதங்களில் அந்த வீட்டுச் சமையலறை எப்படி நடத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, எந்த நெருக்கடியும் இல்லாத நாட்களில் செய்து முடிக்க வேண்டிய வேலைகளாகும்.

கடைகளில் பொருள் எப்படித் தீர்ந்துபோகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான கடைகள் சில நாள் விற்பனைக்கு வேண்டிய சரக்கை மட்டுமே வைத்திருக்கும். விற்க விற்க அடுத்த சரக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடு நடக்கிறது. வாரம் ஒரு பொட்டலம் வாங்கும் வீடுகள் எல்லாம் ஒரே நாளில் மூன்று பொட்டலம் வாங்கினால், உற்பத்தியில் எந்தக் குறையும் இல்லாமலேயே அடுக்குகள் காலியாகிவிடும். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவலின்போது பிரிட்டனில் கோதுமை மாவு கிடைக்காமல் போனது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஆலைகளில் மாவு இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி ரொட்டித் தயாரிப்பாளர்களுக்கும் உணவு நிறுவனங்களுக்கும் மொத்தமாகப் போவதாக இருந்ததால், வீடுகளுக்கான சிறிய பைகளில் அடைக்கும் வசதிதான் போதவில்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது சூரியகாந்தி எண்ணெய்க்கு நேர்ந்தது வேறு வகை. உலக ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு வகித்த உக்ரைனும் ரஷ்யாவும் போரில் இருந்ததால் சரக்கின் வரத்தே குறைந்தது. ஐரோப்பாவில் பல கடைகள் ஒருவருக்கு இத்தனை பாட்டில்தான் என்று வரம்பு விதித்தன. முதல் வகைத் தட்டுப்பாடு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும், இரண்டாவது வகையிலோ மாற்றுப் பொருளுக்குப் பழகிக்கொள்வதே வழி. வந்திருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே, எதை வாங்குவது, எதற்குக் காத்திருப்பது என்பதில் தெளிவு வந்துவிடும்.

எத்தனை நாட்களுக்கு, எவ்வளவு?

ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச் மாதம் வெளியிட்ட ஆயத்தத் திட்டத்தில், ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 72 மணி நேரமாவது வெளி உதவியின்றிச் சமாளிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. சுவீடன் அரசு தன் மக்களிடம் ஒரு வாரத்துக்குத் தயாராக இருக்கச் சொல்கிறது. ஜெர்மனியின் பேரிடர் உதவி அலுவலகம் பத்து நாட்களைக் குறிக்கோளாகப் பரிந்துரைக்கிறது. என் பார்வையில், முதலில் மூன்று நாட்களை எட்டிவிட்டு, அதிலிருந்து மெதுவாக இரண்டு வாரங்களுக்கு நகர்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட இருப்பு, கடைகளிலிருந்து வெகுதொலைவில் வசிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவசியமில்லை. இடமும் பணமும் முடங்குவதோடு, பாதிக்கு மேல் வண்டு பிடிப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவைக் கணக்கிட, ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,100 கிலோகலோரி தேவை என்று நிவாரணப் பணிகளில் பயன்படுத்தப்படும் கணக்கை அடிப்படையாகக் கொள்ளலாம். சுமார் 400 கிராம் அரிசி அல்லது மாவில் 1,400 கிலோகலோரியும், 80 கிராம் பருப்பில் 270ம், 30 கிராம் எண்ணெயில் 270ம், 25 கிராம் சர்க்கரையில் 100ம் கிடைக்கும். மீதியைப் பால் பவுடர், வேர்க்கடலை, கிழங்கு போன்றவை நிரப்பிவிடும். இந்தக் கணக்கின்படி நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பத்து நாட்களுக்கு 16 கிலோ தானியம், மூன்றேகால் கிலோ பருப்பு, ஒன்றேகால் லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ சர்க்கரை, கால் கிலோவுக்கும் குறைவான உப்பு வேண்டும். பலர் நினைப்பதைவிடத் தானியம் கூடுதலாகவும், மற்றவை குறைவாகவும் இருப்பதைக் கவனிக்கலாம்.

இது பொதுக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் டப்பாக்களே சொல்லும். அடுத்த முறை எண்ணெய் பாட்டிலையோ அரிசிப் பையையோ பிரிக்கும்போது, அன்றைய தேதியை அதன்மேல் பேனாவால் எழுதிவையுங்கள். தீர்ந்த அன்று அந்தத் தேதியைப் பார்த்தால், அந்தப் பொருள் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பது தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு கணக்குக் கிடைக்கும். அதன் பிறகு, மாத மளிகை வாங்கும்போது ஏதேனும் ஒன்றிரண்டு பொருளை மட்டும் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கி வந்தால், குடும்பச் செலவில் பெரிய பாரம் ஏறாமலே சில மாதங்களில் இருப்பு சேர்ந்துவிடும்.

எதை வாங்குவது

வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே வாங்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெருக்கடிக்கென்றே தனியாக விற்கப்படும் நீண்டகால உணவுப் பெட்டிகளையும், வீட்டில் எவரும் தொடாத டின் உணவுகளையும் வாங்கி அடுக்குவது, பாதுகாப்பு கிடைத்துவிட்டது போன்ற எண்ணத்தை மட்டுமே தரும். குழந்தைகளும் முதியவர்களும் ஏற்கெனவே கலங்கியிருக்கும் நாட்களில், பழகாத உணவை அவர்கள் முன் வைத்தால் தட்டில் அப்படியே மிஞ்சும். தவிர, அன்றாடம் புழங்காத பொருளின் காலாவதி தேதியை யாரும் கவனிப்பதில்லை.

முழுத் தானியமும் முழுப் பயறும் மாவைவிட நீண்ட நாள் தாங்கும். தீட்டிய வெள்ளை அரிசி உலர்வாகவும் காற்றுப்புகாமலும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சில மாதங்களில் காறிப்போகும். அதனால் சத்து கருதித் தீட்டாத அரிசி சாப்பிடும் வீடுகள், அதை அளவாக வாங்கி, கூடுதல் இருப்பை வெள்ளை அரிசியில் வைத்துக்கொள்வது நல்லது. கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் இதே காரணத்தால் கொழுப்புள்ளதைவிட அதிக நாள் நிற்கும். உப்பும் சர்க்கரையும் ஈரம் படாதவரை கெடுவதில்லை. இவற்றோடு புளிப்பு, காரம், மணம் தரும் பொருட்களையும் மறக்கக் கூடாது. ஒரே தானியத்தையும் ஒரே பருப்பையும் நாள்தோறும் உண்ண நேரும்போது, மனம் வெறுக்காமல் காப்பவை அவைதாம்.

கெடாமல் வைப்பது

இருப்பு வைப்பதில் உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது. தானியத்தைக் கெடுப்பவை ஈரம், வெப்பம், பூச்சி ஆகிய மூன்றும்தான். இவற்றில் பூச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரிசி வண்டு வெளியிலிருந்து பறந்து வருவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது வாங்கும்போதே பைக்குள் இருக்கிறது. பெண் வண்டு அரிசி மணியில் நுண்ணிய துளையிட்டு, அதற்குள் முட்டை வைத்து, துளையை மூடிவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வெப்பமான பருவத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். அதனால் வாங்கிய அன்று எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், புதிய அரிசியைப் பழைய அரிசியோடு நேரடியாகக் கொட்டிக் கலக்கக் கூடாது.

உறைபெட்டி இருப்பவர்கள், புதிதாக வாங்கிய தானியத்தையும் மாவையும் இறுக்கமாகக் கட்டி, கழித்தல் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாட்கள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரித்துவிடாமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே விட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த மணிகளின்மேல் காற்றின் ஈரம் படிந்து, பூச்சிக்குப் பதில் பூஞ்சை வந்துவிடும். உறைபெட்டி இல்லாதவர்கள் பயறு வகைகளை வெயிலில் காய வைக்கலாம். காய்ந்ததைச் சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த தானியத்தைக் கழுவியோ வறுத்தோ பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சில பூஞ்சைகள் விடும் நச்சு, சமையல் சூட்டில் அழிவதில்லை.

எண்ணெய்க்கு வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பகை என்பதால், அடுப்பருகில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். ஒரே பெரிய டின்னைவிடப் பல சிறிய பாட்டில்கள் மேல், ஏனெனில் பிரிக்காதவை அப்படியே இருக்கும். டின் உணவு உப்பியிருந்தாலோ, ஒழுகினாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ சுவைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்; கெட்டுப்போன டின் உணவில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் போட்டுலினம் நச்சு மணத்திலும் சுவையிலும் தெரியாமலேயே உயிரைக் குடிக்கக்கூடியது. எல்லாப் பொருளிலும் புதியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் நகர்த்தும் பழக்கம் வந்துவிட்டால், காலாவதி பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்காது.

தண்ணீரும் எரிபொருளும்

அரிசியும் பருப்பும் நிறைந்திருந்தும் தண்ணீர் இல்லையென்றால் எதுவும் நடக்காது. குடிக்கவும் சமைக்கவும் அடிப்படைத் தூய்மைக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் என்று கணக்கிட்டு, குறைந்தது மூன்று நாளுக்காவது சேமித்துவைக்க வேண்டும். நான்கு பேருக்கு 48 லிட்டர். தண்ணீரின் தூய்மையில் ஐயம் இருந்தால், துணியில் வடிகட்டி, கொதி வந்த பின் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுவதே பாதுகாப்பான முறை.

எரிபொருளைச் சேமிக்கப் பயறுகளை ஊறவைப்பது பெரிதும் உதவும். நீண்ட நாள் இருந்த பயறு எளிதில் வேகாது என்பதால் அதற்கு ஊறல் நேரமும் கூட வேண்டும். ராஜ்மாவை மட்டும் எரிபொருள் கருதி அரைகுறையாக வேகவைத்துவிடக் கூடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குறைந்தது பத்து நிமிடம் கொதித்தால்தான் அதிலுள்ள நச்சு நீங்கும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் எரிப்பது உயிருக்கே ஆபத்து.

கைக்குழந்தை, நோயாளி, முதியவர் இருக்கும் வீடுகள் அவர்களுக்கு வேண்டியதை முதலில் சேர்க்க வேண்டும்; மருந்துகளும் இதில் அடங்கும். குழந்தைப் பால் பவுடர் குறைகிறது என்பதற்காகக் கூடுதல் நீர் கலந்து கொடுப்பது, குழந்தையின் உடல் உப்புச் சமநிலையைக் குலைத்து வலிப்புவரை கொண்டுபோகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

தட்டுப்பாடு வந்துவிட்டால்

கடைக்குக் கிளம்புமுன் வீட்டில் இருப்பதை எழுதிப் பாருங்கள். எல்லா டப்பாவையும் திறந்து பார்த்த பிறகு எழுதும் பட்டியல், பயத்தில் எழுதும் பட்டியலைவிட மிகவும் சிறியதாக இருக்கும். மின்சாரம் போயிருந்தால், மூடியே வைத்த குளிர்சாதனப் பெட்டி சுமார் நான்கு மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும். ஆகவே முதலில் குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதையும், அடுத்து உறைபெட்டியில் உள்ளதையும், கடைசியாக உலர் பொருட்களையும் சமைக்க வேண்டும்.

ஒரு பொருள் கிடைக்காதபோது அதே பொருளைத் தேடிக் கடை கடையாக அலைவதைவிட, சமையலில் அது செய்யும் வேலையை வேறு எது செய்யும் என்று யோசிப்பது பயன் தரும். முட்டை இல்லையென்றால் புரதத்துக்குப் பயறும் வேர்க்கடலையும் இருக்கின்றன. பயறை முளைகட்டினால், காய்கறி வராத நாட்களில் பச்சைக் காய்க்கு ஓரளவு ஈடாகும்.

கடையில் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரிசையில் நிறுத்தி அதை மீற வேண்டாம். அன்றாடக் கூலியில் அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பங்களுக்கு, முன்கூட்டியே சேர்த்துவைக்கும் வசதி எந்நாளும் இருந்ததில்லை. வீட்டில் இரண்டு வாரத்துக்கு இருப்பவர்கள் அந்த வாரம் கடைக்கே போகாமல் இருப்பது, அவர்களுக்குச் செய்யக்கூடிய நேரடியான உதவி. அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவருக்கு ஒருவேளைச் சமையலைச் சேர்த்துச் செய்வதையும் கணக்கில் வைத்தே இருப்பைத் திட்டமிடலாம்.

நிலைமை சீரான பின்னர், காலியான டப்பாக்களை ஒரே நாளில் நிரப்ப முயலாமல், முன்பு போலவே மாதம் ஒன்றிரண்டு பொருளாகச் சேர்க்க வேண்டும். அதற்கு முன், எது முதலில் தீர்ந்தது, எது தொடப்படாமலே கிடந்தது, எதற்காக வீட்டில் அதிகம் ஏங்கினார்கள் என்று எழுதிவைத்து, அடுத்த மாதப் பட்டியலை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குங்கள்.