நெஞ்சில் கட்டும் ரீபிரீதர் வாங்குவதற்கு முன்

ரீபிரீதர் என்பது முக்குளிப்பவர் வெளிவிடும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்து, மறுபடி மூச்சுக்கே தரும் கருவி. அதில் நெஞ்சில் கட்டும் வகையைத் தேடுகிற எல்லோரும் முதலில் பார்ப்பது அது பயணப் பெட்டிக்குள் அடங்குமா என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், டேப்பை வைத்து நீள அகலம் எல்லாம் அளந்தேன். பெட்டிக்குள் அடங்குவது நல்ல விஷயம்தான், ஆனால் ரீபிரீதர் சின்னதாகிவிட்டது என்பதற்காக அது கைவிட்டால் உங்களை வெளியே கொண்டுவர வேண்டிய பெயில்அவுட் காற்று சின்னதாகிவிடாது. நீருக்கடிக் குகைக்குள் போகிறவர் கணக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1.5 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 300 லிட்டர். மிதமாக நீந்தும் உடம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆக்சிஜன்தான் எரிக்கிறது, அதுவும் எந்த ஆழத்திலும் மாறாது, ஆக ஐந்து மணி நேரம் வரும். கேட்க ஜோராக இருக்கிறது. இப்போது 30 மீட்டர் ஆழத்தில், வாசலிலிருந்து அரை மணி தூரத்தில் லூப் (மூச்சு சுற்றிவரும் குழாயும் பையும் சேர்ந்த வளையம்) செத்துப்போனது என்று வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறி மூச்சு வாங்குகிறவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பது சாதாரணம். 30 லிட்டர், அந்த ஆழத்து அழுத்தம் 4 பார், 30 நிமிடம், மூன்றையும் பெருக்கினால் 3600 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் 2200 லிட்டர்தான் தரும், ஆக இரண்டு சிலிண்டர் இடுப்போரம் தொங்கியே ஆக வேண்டும். நண்பரோடு பகிர்ந்துகொண்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். குகையில் நண்பர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார் என்று நான் நம்புவதில்லை. அதனால் வாங்கும்போது முதல் கேள்வி, இந்த யூனிட் என் சைட்மவுண்ட் ஹார்னஸோடு (சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் பட்டை), இரண்டு பெரிய சிலிண்டர்களோடு ஒத்துப்போகுமா, வால்வுகளுக்குக் கை போகுமா என்பதுதான். நெஞ்சில் ஒரு பெட்டி உட்கார்ந்துவிட்டால் கீழே குனிந்து எதையும் பார்க்க முடியாது, கொக்கி, வால்வு, கேஜ் எல்லாமே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது மூச்சு. கவுண்டர்லங் என்பது நீங்கள் வெளிவிடும் காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் பை, அது நுரையீரலைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தே மூச்சு சுலபமாகவோ கஷ்டமாகவோ இருக்கும். குப்புற நீந்தும்போது நெஞ்சுப் பை நுரையீரலுக்குக் கீழே இருப்பதால் அங்கே நீரழுத்தம் சற்று அதிகம், காற்று தானாக உள்ளே தள்ளப்படும், வெளியே விடத்தான் கொஞ்சம் தம் கட்ட வேண்டும். முதுகுப் பையில் இது அப்படியே தலைகீழ். பை ஒவ்வொரு சென்டிமீட்டர் தள்ளிப் போகும்போதும் ஒரு சென்டிமீட்டர் நீரழுத்தம் கூடும், அதனால் யூனிட் நெஞ்சோடு ஒட்டி நிற்கிறதா, அல்லது பட்டை தளர்ந்து பத்து சென்டிமீட்டர் கீழே தொங்குகிறதா என்பது சின்ன விஷயமில்லை. நான் முதன்முதலில் நீச்சல்குளத்தில் போட்டுப் பார்த்தபோது குப்புற இருந்தவரை சொகுசாகத்தான் இருந்தது, கூரையைப் பார்ப்பதுபோல மல்லாந்து திரும்பினேன், அவ்வளவுதான், மெல்லிய குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சுவதுபோல ஆகிவிட்டது. குகையில் கயிற்றைக் கட்டவோ இடுக்கில் நெளிந்து போகவோ மல்லாக்கத் திரும்ப வேண்டி வரும், எனவே இதைக் கடையில் அல்ல, தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும்.

ஆக்சிஜனைச் சேர்க்கும் முறையில் இரண்டு ஜாதி. எலக்ட்ரானிக் யூனிட்டில் சோலினாய்டு வால்வு தானே திறந்து மூடி, நீங்கள் வைத்த அளவில் ஆக்சிஜன் அழுத்தத்தை நிறுத்தும். மேனுவல் யூனிட்டில் பெரும்பாலும் ஒரு நுண்துளை வழியாக ஆக்சிஜன் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும், உடம்புக்குத் தேவையான மிச்சத்தை நீங்கள் பட்டனை அழுத்திச் சேர்க்க வேண்டும். பயணத்துக்கு எனக்கு மேனுவல்தான் பிடிக்கும், கெட்டுப்போக அதில் குறைவான சாமான்களே இருக்கின்றன, கண்ணும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரையிலேயே இருக்கப் பழகும். ஒரு மறைவான எல்லை மட்டும் உண்டு. நுண்துளை முறையில் ரெகுலேட்டரின் இடை அழுத்தம் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து அது நுண்துளைக்குத் தரும் அழுத்தம்) ஆழத்துக்கேற்ப ஏறாதபடி அடைத்திருப்பார்கள், வெளி அழுத்தம் அதில் பாதியை நெருங்கியதும் ஓட்டம் குறையத் தொடங்கும். இடை அழுத்தம் 10 பார் என்றால் ஏறக்குறைய 40 மீட்டரிலேயே குறைய ஆரம்பித்து, 90 மீட்டரில் நின்றே போகும். ஊசி வால்வு உள்ள யூனிட்டில் ஓட்டத்தைக் கையால் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். எதுவானாலும் மூன்று ஆக்சிஜன் சென்சர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு திரை, இதில் பேரமே வேண்டாம்.

ஆழமில்லாத குகைதானே, எளிது என்று நினைக்காதீர்கள். 10 மீட்டரில் ஆக்சிஜன் அழுத்தம் 1.2 பார் வேண்டுமென்றால் லூப்பில் 60 சதவீதம் ஆக்சிஜன் இருக்க வேண்டும். பாதை மேலே ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனால், ஏறும்போதெல்லாம் வீங்கிய காற்றை மூக்கு வழியாக விடுவீர்கள், இறங்கும்போதெல்லாம் டைலுயன்ட் காற்றால் (லூப்பை நிரப்பி ஆக்சிஜனை நீர்க்கச் செய்யும் வாயு) நிரப்புவீர்கள், சேர்த்து வைத்த ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்கும். லூப்பின் கொள்ளளவு சிறியதாக இருந்தால் இந்த ஆட்டம் இன்னும் வேகமாக நடக்கும். டைலுயன்ட் சிலிண்டர் ரொம்பக் குட்டியாக உள்ள யூனிட்டை நான் இதனாலேயே ஒதுக்கினேன், பக்கவாட்டுப் பெயில்அவுட்டிலிருந்தே டைலுயன்ட் எடுக்க இணைப்பு கொடுத்திருப்பது மேல். 30 மீட்டருக்குக் கீழே சாதாரணக் காற்று டைலுயன்ட் வேண்டாம், அங்கேயே அதன் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமை எட்டிவிடும், அடர்த்தி அதற்கு மேல் போனால் கார்பன் டை ஆக்சைடு உடம்பிலேயே தேங்கும் ஆபத்து உண்டு. ஹீலியம் சேர்க்க வேண்டும்.

ஸ்கிரப்பர், அதாவது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய டப்பா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதை, எந்த வெப்பத்தில், எந்த ஆழத்தில் சோதித்தார்கள் என்று பார்க்காமல் நம்பாதீர்கள். ஐரோப்பிய விதியான இஎன் 14143 சோதனை 40 மீட்டரில், 4 டிகிரி தண்ணீரில், நிமிடத்துக்கு 1.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விட்டுச் செய்யப்படுவது, அதில் ஒரு மணி நேரம் தாங்கிய டப்பா வெதுவெதுப்பான தண்ணீரில் சும்மா மிதப்பவருக்கு இன்னும் வெகுநேரம் வரும். நெஞ்சு யூனிட்டில் டப்பா சிறியது, நீண்ட ஊடுருவலுக்குப் போகிறவர் இதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். சோடா லைமைத் தட்டித் தட்டி நிரப்பிப் பழகுங்கள், இடைவெளி விட்டால் காற்று உறிஞ்சப்படாமல் அந்த வழியே நழுவிப் போகும். ஐந்து நிமிடம் கரையில் மூச்சு விட்டுப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், தெரியாமலும் போகும்.

பயண விஷயம் சுருக்கமாக. சிலிண்டர்களை விமானத்தில் தூக்கிப் போவதைவிடப் போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பது நிம்மதி, எடுத்துப் போனால் காலியாக, வால்வு கழற்றி. அங்கே கிடைக்கும் வால்வு உங்கள் ரெகுலேட்டருக்குப் பொருந்துமா, ஆக்சிஜன் 200 பார் வரை அடைத்துத் தருவார்களா, சோடா லைம் எந்தக் குறுணை அளவில் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். சென்சர், திரை, லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்.

இன்னொன்று, ரீபிரீதர் பயிற்சிச் சான்றிதழ் அந்தந்த மாடலுக்குத்தான் செல்லும், குகைச் சான்றிதழ் அதிலிருந்து தனி. அதனால் உங்களுக்கு அருகில் எந்த மாடலுக்குப் பயிற்றுநர் இருக்கிறார் என்பதே பாதித் தேர்வை முடித்துவிடும். பிரான்ஸின் ட்ரைட்டனும் அமெரிக்காவின் டைவ் ரைட் சாப்டிமாவும் இந்த வகையில் அதிகம் பேசப்படுபவை, ஆனால் பயிற்றுநர் இல்லாத நல்ல யூனிட்டைவிட, பயிற்றுநர் இருக்கிற சுமாரான யூனிட் எனக்குப் போதும்.

பழையது வாங்குவதாக இருந்தால் சென்சர்களில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஒரு வருடம் ஓடியது என்றால் அதன் விலையைக் கழித்துவிடுங்கள். காற்றில் எத்தனை மில்லிவோல்ட், சுத்த ஆக்சிஜனில் எத்தனை என்று உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள்: காற்றில் 10 காட்டினால் ஆக்சிஜனில் 47, 48 வர வேண்டும். 40-க்குக் கீழே நின்றால் அந்த சென்சர் முடிந்துவிட்டது. அப்புறம் குழாய்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பார்த்து, லூப்பை மூடிக் காற்றை உறிஞ்சி ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். பை தானாக விரிந்தால் எங்கோ ஒழுகுகிறது.