இயக்குநருக்கும் இசை நாடகத்துக்கும் பொருத்தம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'காந்தி' படத்தின் இறுதி ஊர்வலக் காட்சிக்காக ரிச்சர்ட் அட்டன்பரோ டெல்லியில் திரட்டிய கூட்டம் ஏறக்குறைய மூன்று லட்சம். எட்டு ஆஸ்கர் விருதுகளை அள்ளிய அந்தப் படத்துக்குப் பிறகு அவர் கையில் எடுத்தது 'எ கோரஸ் லைன்'. நியூயார்க்கின் பிராட்வேயில் 1975 முதல் ஓடிக்கொண்டிருந்த இசை நாடகம் அது. வெறும் மேடை, தரையில் ஒரு வெள்ளைக் கோடு, பின்னால் கண்ணாடிகள். வேலை கேட்டு வந்த 17 நடனக் கலைஞர்கள் அந்தக் கோட்டின் மேல் நின்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நாடகமே அவ்வளவுதான்.

மூன்று லட்சம் பேரைக் கட்டி ஆண்டவருக்கு 17 பேர் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் 1985இல் வெளிவந்த படம் மேடையில் இருந்த உயிரில் பாதியைக்கூடக் கொண்டுவரவில்லை.

பிரபல இயக்குநர்களின் பெயர்களை ஒரு பக்கமும் இசை நாடகங்களை மறுபக்கமும் எழுதிவைத்து, யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்று கோடு இழுத்துப் பார்ப்பது சினிமாவை நேசிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை. நானும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் இதையே கோடிக்கணக்கான டாலரைப் பணயம் வைத்துச் செய்கிறார்கள். ஆனால் நாமும் அவர்களும் விழுகிற குழிகள் ஒன்றுதான்.

முதல் குழி, இயக்குநரின் உயரத்தைப் பார்த்துப் பொருத்தம் சொல்வது. அட்டன்பரோவின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அவருக்கு இசை நாடகம் புதிதல்ல. 1969இல் அவர் இயக்கிய முதல் படமான 'ஓ! வாட் எ லவ்லி வார்' மேடை இசை நாடகத்திலிருந்து வந்ததுதான். ஆகவே "முன்பே ஒன்று எடுத்திருக்கிறார்" என்பதும் போதுமான தகுதி இல்லை. முதல் உலகப் போரின் பாடல்களைக் கோத்த அந்த நாடகத்தில் வரலாறு இருந்தது, கூட்டம் இருந்தது. அவருடைய பலம் அங்கே பொருந்தியது. 'எ கோரஸ் லைன்' அதற்கு நேர் எதிரானது. பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள், தலைக்கு மேல் விளக்கு, எதிரே இருட்டு. மேடையில் அந்தத் தேர்வை நடத்தும் ஸாக் பெரும்பாலும் இருட்டிலிருந்து வரும் வெறும் குரல். அந்தக் குரலுக்கு முகம் இல்லாததால்தான் அச்சம் இருக்கிறது. படத்தில் அந்தக் குரலுக்கு மைக்கேல் டக்ளஸின் முகம் கிடைத்தது. ஸாக்குக்கும், வேலை கேட்டு வந்தவர்களில் ஒருத்தியான காஸிக்கும் இடையே இருந்த பழைய காதல் பிளாஷ்பேக்குகளோடு பெரிதாக விரிந்தது.

என்னை இன்றும் வருத்துவது ஒரு பாட்டுக்கு நேர்ந்த கதி. காயம்பட்டு ஆட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதிலாக, மேடையில் டயானா என்ற பெண் 'வாட் ஐ டிட் ஃபார் லவ்' பாடுகிறாள். அங்கே காதல் என்பது ஆட்டத்தின் மேல் வைத்த காதல். படத்தில் அதே பாட்டைக் காஸியிடம் கொடுத்தார்கள். அது ஒரு ஆணின் மேல் வைத்த காதலாகிவிட்டது. சொற்கள் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை, நாடகம் எதைப் பற்றியது என்பதே மாறிவிட்டது. தனிமனிதரின் வாழ்க்கைக் கதையைச் சொல்லிப் பழகிய இயக்குநர், 17 பேர் நிற்கும் கோட்டிலும் நாயகன் நாயகியைத் தேடியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது குழி இன்னும் ஏமாற்றுவது: கதைக்களம் ஒத்துப்போகிறது என்பதற்காகச் சேர்த்துவைப்பது. சிட்னி லூமெட் நியூயார்க்கின் தெருவையும் வியர்வையையும் திரையில் கொண்டுவந்த மேதை. 1978இல் 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' என்ற சிறுவர் கதையிலிருந்து உருவான இசை நாடகம் 'த விஸ்' அவரிடம் வந்தது. மாய உலகமான ஆஸ், படத்தில் நியூயார்க் நகரமாகியது. உலக வர்த்தக மையத்தின் முற்றம் மரகத நகரமாகியது. கான்ஸஸ் சிறுமி டாரதி, ஹார்லெமில் பாடம் நடத்தும் 24 வயது ஆசிரியையாகி, டயானா ராஸ் அந்த வேடத்தை ஏற்றார். நகரம் லூமெட்டுக்குச் சொந்தமானதுதான். ஆனால் '12 ஆங்க்ரி மென்' படத்தில் ஒரு சிறிய அறைக்குள் மனிதர்களை மூச்சுமுட்ட நெருங்கிய அந்தக் கேமரா, இங்கே ஆட்டக்காரர்களைத் தொலைவிலிருந்து வேடிக்கை பார்க்கிறது. படம் வசூலிலும் தோற்றது.

மாறாக நார்மன் ஜூவிசனைப் பாருங்கள். 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த ஒரு யூதக் கிராமத்தின் கதை. பெயரைப் பார்த்தால் யூதர் என்று தோன்றினாலும், தான் யூதர் அல்ல என்று ஜூவிசன் தயாரிப்பாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவர் பாட்டை மண்ணில் வைத்தார். யூகோஸ்லாவியாவில் சேறும் குதிரையும் மரவீடுகளுமாக ஒரு கிராமத்தைப் பிடித்தார். ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மாரிஸ் லென்ஸின் மேல் பெண்கள் அணியும் காலுறைத் துணியைப் போர்த்தி அந்தப் பழுப்பு நிறத்தைக் கொண்டுவந்தார். ஆஸ்கரும் அவருக்குக் கிடைத்தது. பிறப்பையும் களத்தையும் பார்த்திருந்தால் இந்தப் பொருத்தம் கூடியே இருக்காது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால், இந்த நாடகத்தில் பாட்டு எங்கே வாழ்கிறது, அந்த இடத்தில் இந்த இயக்குநரின் கேமராவுக்கு என்ன வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் படங்களில் பாட்டு வந்ததும் பல நேரம் கதை சற்று இளைப்பாறும். அந்தப் பழக்கத்தோடு பிராட்வே நாடகத்தை அணுகினால் தடுக்கி விழுவோம். அங்கே பாட்டு தொடங்கும்போது ஒரு மனநிலையில் இருக்கும் பாத்திரம், முடியும்போது வேறொரு முடிவுக்கு வந்திருக்கும். பாட்டை எடுக்கத் தெரியாதவர் அந்தக் கதையை எடுக்கவே முடியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று 1972இல் வந்த 'காபரே'. 1966இல் மேடையேறிய நாடகத்தில் பெர்லின் கேளிக்கை விடுதிக்குள்ளும் பாடுவார்கள், வெளியே வீட்டிலும் பாடுவார்கள். படத்தை எடுத்த பாப் ஃபாஸி நடனக்காரர். அவருடைய முந்தைய படம் 'ஸ்வீட் சாரிட்டி' படுதோல்வி அடைந்திருந்தது. அவர் ஒரு கடினமான முடிவை எடுத்தார். விடுதிக்கு வெளியே பாத்திரங்கள் பாடும் பாட்டுகளை நீக்கினார். வெளியே மிஞ்சியது ஒன்றே ஒன்று. வெயிலில் நனையும் ஒரு பீர் தோட்டத்தில் அழகான இளைஞன் ஒருவன் பாடத் தொடங்குகிறான். கேமரா முகத்திலிருந்து மெல்ல இறங்கும்போதுதான் அவன் கையில் நாஜிப் பட்டை தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்துகொள்கிறார்கள். மற்ற வெளிப்பாட்டுகள் இருந்திருந்தால் இந்தப் பாட்டுக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது.

அடுத்த ஆண்டு ஆஸ்கர் மேடையில் சிறந்த இயக்குநர் விருது ஃபாஸிக்குப் போனது. தோற்றவர்களில் ஒருவர் 'த காட்ஃபாதர்' எடுத்த ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. அதே கொப்போலா 1968இல் 'ஃபினியன்ஸ் ரெயின்போ' என்ற 1947ஆம் ஆண்டு மேடை நாடகத்தைப் படமாக்கியிருந்தார். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஃபிரெட் அஸ்டேர் நடித்த படம். நடன அமைப்பாளர் ஹெர்மெஸ் பான் அஸ்டேருடன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். படப்பிடிப்பின் நடுவிலேயே அவரை நீக்கிவிட்டார்கள். பிறகு படத்தை 70 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கியபோது சட்டகத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டதில் அஸ்டேரின் பாதங்களும் அடக்கம். உலகமே பார்த்து வியந்த பாதங்கள்!

நடன அமைப்பாளரை மறந்துவிட்டுப் பொருத்தம் பார்ப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் துலக்கமான படம் வேண்டாம். பட்டியல் போடும் நாமும் அவர் பெயரை எழுதுவதே இல்லை. 'த தேர்டு மேன்' போன்ற இருண்ட படங்களை எடுத்த கேரல் ரீட் 'ஆலிவர்!' எடுக்கப் போகிறார் என்றால் யாரும் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனால் நடன அமைப்பாளர் ஓனா வைட் லண்டன் சந்தையையே ஆட வைத்தார், அதற்காகச் சிறப்பு ஆஸ்கரும் பெற்றார். சிறந்த படம், சிறந்த இயக்குநர் விருதுகளும் அந்தப் படத்துக்கே கிடைத்தன. ரீட்டிடமும் மறைந்திருந்த ஒரு தகுதி உண்டு. 1948இல் 'த ஃபாலன் ஐடல்' படத்தில் ஒரு சிறுவனின் கண்வழியே பெரியவர்களின் உலகத்தைக் காட்டியவர் அவர். அனாதைச் சிறுவன் ஆலிவருக்கு வேறு யார் வேண்டும்? 2021இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை மீண்டும் எடுத்த ஸ்பீல்பெர்க்கும் தனியாகப் போகவில்லை. நியூயார்க் சிட்டி பாலேயிலிருந்து நடன அமைப்பாளர் ஜஸ்டின் பெக்கை அழைத்துக்கொண்டார்.

ஒருமுறை வென்ற உத்தியை அடுத்த நாடகத்துக்கும் பூசுவது வேறொரு தவறு. டாம் ஹூப்பர் 2012இல் 'லே மிஸரப்ல' எடுத்தபோது, நடிகர்களைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாட வைத்தார். பியானோ காதுக்குள் ஒலிக்கும், நடிகரின் மூச்சுக்கு ஏற்ப வாசிப்பவர் நின்று தொடர்வார். ஆன் ஹாத்தவேயின் முகத்தை விட்டு நகராமல் எடுத்த அந்த ஒரே ஷாட்டில், பாட்டு அழுகையோடு உடைந்து வரும். துயரத்தை வாய்விட்டுச் சொல்லும் நாடகத்துக்கு முகம் போதும். ஏழு ஆண்டுகள் கழித்து அவரே 'கேட்ஸ்' எடுத்தார். அதில் கதை மெல்லிய நூல். 1981இல் லண்டனில் அதைத் தாங்கி நிறுத்தியது கில்லியன் லின் அமைத்த ஆட்டம், பூனையாக வளையும் மனித உடல். படத்தில் அந்த உடலைக் கணினி உரோமம் மூடியது. படம் வெளியான பிறகும் வரைகலையைத் திருத்தித் திரையரங்குகளுக்குப் புதிய பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. ராப் மார்ஷலுக்கும் நேர்ந்தது இதுதான்: 'சிகாகோ'வில் பாட்டுகளை நாயகி ராக்ஸியின் கற்பனைக்குள் வைத்தது அருமை, 'நைன்' படத்தில் அதையே மீண்டும் செய்தது ஒட்டவில்லை.

மேடையில் இயக்கியவரே படத்தையும் எடுக்கட்டும் என்ற யோசனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிலிடா லாயிட் 'மம்மா மியா!'வை உலகெங்கும் ஓட வைத்தார். சூசன் ஸ்ட்ரோமனின் 'த புரொட்யூசர்ஸ்' பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில் 12ஐ மேடைக்குக் கொண்டுவந்தது, திரைக்கு வந்தபோது மேடையாகவே நின்றுவிட்டது. இதில் விதி எதுவும் இல்லை.

நான் கைக்கொள்ளும் ஒரு வழி உண்டு. பெயரை எழுதுவதற்கு முன்னால், நாடகத்தின் பாட்டுகளை இசைத்தட்டில் முழுதாகக் கேட்பேன். திரையில் எடுப்பதற்கு மிகக் கடினம் என்று தோன்றும் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். அந்த இயக்குநரின் பழைய படங்களில் யாரும் பேசாத காட்சிகளை நினைத்துப் பார்ப்பேன். அங்கே அவருடைய கேமரா எங்கே நின்றது, எவ்வளவு நேரம் பொறுத்தது? அந்தப் பொறுமை இந்தப் பாட்டுக்கு உதவுமா? பெரும்பாலான பெயர்களை இந்தக் கட்டத்திலேயே அடித்துவிடுவேன்.

அடிக்காமல் விட்ட பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ரிச்சர்ட் லிங்க்லேட்டர். இசையமைப்பாளர் ஸ்டீபன் சோன்ட்ஹைமின் 'மெரிலி வி ரோல் அலாங்' 1981இல் பிராட்வேயில் 16 முறை மேடையேறியதோடு மூடப்பட்ட நாடகம். மூன்று நண்பர்களின் ஏறக்குறைய இருபது ஆண்டு வாழ்க்கையை அது பின்னோக்கிச் சொல்கிறது. கசந்துபோன நடுவயதில் தொடங்கி, நம்பிக்கையோடு வானத்தைப் பார்க்கும் இளமையில் முடியும். 'பாய்ஹுட்' படத்துக்காக ஒரே சிறுவனை 12 ஆண்டுகள் படம்பிடித்த லிங்க்லேட்டர், இதை ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் எடுக்கப்போவதாக 2019இல் அறிவித்து வேலையைத் தொடங்கிவிட்டார். பால் மெஸ்கல், பென் பிளாட், பீனி ஃபெல்ட்ஸ்டைன் மூவரும் உண்மையாகவே வயதாகிக்கொண்டு நடிக்கிறார்கள். நாடகத்தின் கடைசிக் காட்சிக்கு வேண்டிய இளம் முகங்களைத்தான் அவர் முதலில் படம்பிடித்தாக வேண்டும். 2021இல் மறைந்த சோன்ட்ஹைம் இந்தப் படத்தைப் பார்க்க முடியாது. நான் காத்திருக்கிறேன்.