பத்து வருஷம் தாண்டின சிஓஇ கார் வாங்கலாமா? முதல் தடவை வாங்கறவங்களுக்கு படிப்படியா

சிங்கப்பூர்ல கார் வாங்கணும்னு நினைக்கற நம்ம குடும்பங்கள் நிறைய கடைசியா வந்து நிக்கற இடம் சிஓஇ (கார் வச்சிருக்க அரசாங்கம் குடுக்கற உரிமைச் சீட்டு) புதுப்பிச்ச பழைய கார்தான். புது கார் விலை கைக்கு எட்டல, வீட்ல பிள்ளைங்க, முட்டி வலியோட அம்மா, லீவு வந்தா பத்துமலை, ஈப்போ, பினாங்குன்னு போகணும், பஸ்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு செக்பாயிண்ட்ல இறங்கி ஏறி முடியல. நியாயமான தேவைதான், நல்ல பழைய கார் கிடைச்சா உண்மையிலேயே ரொம்ப நிம்மதி. ஆனா போட்டோவ பாத்துட்டு டெபாசிட்ட கட்டிடறாங்க, அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. அதனால காசை எடுக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கற வரிசைப்படியே போங்க, எதையும் முன்ன பின்ன மாத்தாதீங்க.

படி 1: எத்தனை வருஷம் வாங்கறீங்கன்னு பாருங்க

இங்க ஒரு காரோட ஆயுசு சிஓஇ தான். முதல் பத்து வருஷம் முடிஞ்சதும் ஓனர் ஒண்ணு வண்டிய ஸ்கிராப் பண்ணணும், இல்லன்னா பிக்யூபி கட்டி அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ புதுப்பிக்கணும். பிக்யூபிங்கறது கடைசி மூணு மாச சிஓஇ விலையோட சராசரி. அஞ்சு வருஷத்துக்கு அதுல பாதி கட்டினா போதும், ஆனா அந்த அஞ்சு முடிஞ்சா கதை முடிஞ்சது, மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வருஷம் எடுத்திருந்தா அதுக்கப்புறமும் புதுப்பிக்கலாம். விளம்பரத்துல ரெண்டுமே "சிஓஇ கார்"னுதான் இருக்கும், அதனால எதுன்னு முதல் கேள்வியே இதுதான் கேக்கணும்.

இன்னொண்ணு, பத்து வருஷத்துக்குள்ள ஸ்கிராப் பண்ணா அரசாங்கத்துகிட்ட இருந்து திரும்பக் கிடைக்கற பார்ஃப் காசு, புதுப்பிச்ச அன்னிக்கே போயிடும். "பார்ஃப் கார்" (இன்னும் முதல் பத்து வருஷம் முடியாதது), "சிஓஇ கார்" ரெண்டையும் பக்கத்துல வச்சு விலைய மட்டும் ஒப்பிட்டா கணக்கு தப்பாத்தான் வரும்.

படி 2: பேப்பர் விலைய தனியா, பாடி விலைய தனியா பிரிங்க

இந்தப் படிய மட்டும் தயவுசெஞ்சு தாண்டாதீங்க, வாங்கலாமா வேணாமாங்கறது முக்கால்வாசி இங்கயே தெரிஞ்சிடும்.

புதுப்பிச்ச கார சீக்கிரமே ஸ்கிராப் பண்ணா மிச்சம் இருக்கற மாசத்துக்கான சிஓஇ காசு திரும்ப வரும். அதனால கட்டின தொகைய மொத்த மாசத்தால வகுத்து மிச்ச மாசத்தால பெருக்குங்க. கணக்குக்காக ஒரு வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு 45,000 வெள்ளி கட்டியிருக்காங்க, இன்னும் நாலு வருஷம் இருக்குன்னு வச்சுக்குவோம். 45,000ஐ 60ஆல வகுத்து 48ஆல பெருக்கினா 36,000, இதுதான் பேப்பர் விலை. விக்கறவர் 43,000 கேக்கறாருன்னா மிச்சம் 7,000 தான் நீங்க இரும்புக்கும் சீட்டுக்கும் இன்ஜினுக்கும் குடுக்கற விலை. 43,000ஐ நாலால வகுத்தா வருஷத்துக்கு 10,750, இங்க எல்லாரும் டெப்ரி, அதாவது வருஷத் தேய்மானம்னு சொல்றது இதைத்தான்.

இப்ப பாருங்க, நாளைக்கு இன்ஜின் போயிட்டாலும் 36,000க்கு பக்கத்துல கையில வரும், உண்மையான ஆபத்து அந்த 7,000லயும் ரிப்பேர் செலவுலயும்தான். அதே வண்டிக்கு வேற ஒருத்தர் 52,000 கேட்டா பாடிக்கே 16,000 குடுக்கறீங்க, பதினொரு வருஷ பாடிக்கு அது ரொம்ப அதிகம்னு நான் நினைக்கறேன், ஸ்போர்ட் ரிம், புது சீட் கவர், ஆண்ட்ராய்ட் ஸ்க்ரீன் எதுவும் அதை சரிக்கட்டாது.

படி 3: வருஷச் செலவ எழுதிப் பாருங்க

பத்து வருஷம் தாண்டினா ரோட் டாக்ஸ் மேல கூடுதல் வரி வரும், முதல்ல 10 சதவீதம், வருஷா வருஷம் பத்து பத்தா ஏறி 50 சதவீதத்துல நிக்கும். 1.6 லிட்டர் பெட்ரோல் காருக்கு சாதாரணமா வருஷத்துக்கு சுமார் 740 வெள்ளின்னா, 50 சதவீதம் சேந்தா 1,100 தாண்டிடும். இன்ஸ்பெக்‌ஷனும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு இருந்தது வருஷா வருஷம் ஆயிடும்.

இன்ஷூரன்ஸ் விலைய வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. பழைய வண்டிக்கு சில கம்பெனிங்க காம்ப்ரிஹென்சிவ் (உங்க வண்டி சேதத்துக்கும் சேத்து கவர்) குடுக்க மாட்டாங்க, உங்களுக்கு என்சிடி (க்ளைம் பண்ணாம ஓட்டினதுக்கு கிடைக்கற தள்ளுபடி) பூஜ்யம்னா பிரீமியம் இன்னும் ஏறும். மலேசியா போறதுக்குத்தானே வாங்கறீங்க, பாலிசியில அங்க எது வரைக்கும் கவர், வழியில நின்னா டோயிங் உண்டான்னும் கேட்டு வச்சுக்கோங்க. லோன் எடுக்கறவங்களுக்கு, ஓஎம்வி (இறக்குமதி ஆனப்போ, இங்க வரி சேக்கறதுக்கு முன்னாடி காரோட மதிப்பு) 20,000 வெள்ளிக்குள்ள இருந்தா விலையில 70 சதவீதம் வரைக்கும், அதுக்கு மேலன்னா 60 சதவீதம், அதிகபட்சம் ஏழு வருஷம், ஆனா சிஓஇ மூணு வருஷம்தான் மிச்சம்னா லோனும் அதுக்குள்ள முடியணும், மாசத் தவணை நெஞ்ச அடைக்கும்.

இதுக்கு மேல ரிப்பேருக்குன்னு ஒரு தொகைய தனியா எடுத்து வைக்க முடியலன்னா இப்ப வாங்காதீங்க. கடுமையா சொல்றதா நினைக்காதீங்க, பழைய கார் கேக்கும்போது குடுக்க காசு இல்லாம அப்படியே ஓட்டினா பின் சீட்ல உக்காந்திருக்கறது நம்ம பிள்ளைங்க.

படி 4: பகல்ல போங்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்க

விக்கறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, "அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு. சூடான இன்ஜின் பல நோயை மறைக்கும். போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க.

ஆறின இன்ஜின்ல ஆயில் மூடிய திறந்து உள் பக்கம் பாருங்க. பால் கலந்த காபி மாதிரி கொழகொழன்னு இருந்தா தண்ணி ஆயில்ல கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் சந்தேகம், அங்கயே திரும்பிடலாம். கூலண்ட் டப்பாவ பாருங்க, துருப்பிடிச்ச நிறத்துல இருந்தா வெறும் தண்ணிய ஊத்தி ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ரேடியேட்டர் மேல இருக்கற பிளாஸ்டிக் வயசானா பழுப்பாகி விரிசல் விடும், ஊருக்குள்ள தெரியாது, ஏழு பேரை ஏத்திக்கிட்டு கெந்திங் மேட்ல ஏறும்போது தெரியும்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க பின்னாடி நின்னு புகைய பாருங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்துல நின்னா பரவால்ல, நிக்காம வந்தா பரவால்லன்னு விடாதீங்க.

நம்ம ஊரு வெயிலும் மழையும் ரப்பரைத்தான் முதல்ல தின்னும். கதவு ரப்பர், இன்ஜின் மவுண்டிங், புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் பாருங்க. கார்பெட்ட தூக்கி அடியில ஈரமா இருக்கா, பூட்ல ஸ்பேர் டயர் குழியில தண்ணி நிக்குதா, மோந்து பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். வாசனை திரவியத்தை அள்ளித் தெளிச்சிருந்தா ஜன்னல மூடி ஏர்கான் போட்டு பத்து நிமிஷம் உள்ள உக்காருங்க, கூலிங் காயில் பிரச்சனைன்னா அந்த நேரத்துல காத்து சூடாகும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ட்ரெட் நல்லா இருந்தாலும் ரப்பர் பழசுன்னா நார்த் சவுத் ஹைவேல அந்த டயர நம்ப முடியாது.

அடிபட்ட வண்டியான்னு பாக்க, கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, பானட் போல்ட்ல ஸ்பேனர் போட்ட தழும்பு இருக்கான்னு பாருங்க.

படி 5: ஓட்டிப் பாருங்க

பிளாக்க சுத்தி ஒரு ரவுண்ட் போதாது. எக்ஸ்பிரஸ்வேல கொஞ்ச தூரம், ஒரு மல்டி ஸ்டோரி கார் பார்க் ஏத்தம், ஒரு ஹம்ப், மூணும் வேணும். கியர் மாறும்போது உதைக்குதா, டி போட்டதும் ஒரு செகண்ட் யோசிச்சிட்டு போகுதா, பிரேக் பிடிச்சா ஸ்டீரிங் ஆடுதா கவனிங்க. ரேடியோவ அணைச்சிடுங்க, விக்கறவர் நிறைய பேசினா மரியாதையா கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க.

படி 6: வெளி ஆள்கிட்ட காட்டுங்க

விகாம், எஸ்டிஏ, ஆட்டோமொபைல் அசோசியேஷன் மாதிரி இடங்கள்ல வாங்கறதுக்கு முன்னாடி செக் பண்ணித் தருவாங்க, இல்ல சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் உங்களுக்கு நம்பிக்கையான ஒர்க்‌ஷாப் இருந்தா அங்க தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. "போன மாசம்தான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சு"ன்னு காட்டினா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த டெஸ்ட் ரோட்ல ஓட தகுதியான்னு மட்டும்தான் பாக்கும், கியர்பாக்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமான்னு பாக்காது. செக் பண்ண எடுத்துட்டுப் போக விடமாட்டேன்னு சொல்றவர்கிட்ட வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்காதீங்க.

படி 7: யார்கிட்ட வாங்கறோம்

டீலர்கிட்ட வாங்கினா லெமன் லா (குறையுள்ள பொருளை வித்தா வாங்கினவருக்கு பாதுகாப்பு தர்ற சட்டம்) இருக்கு, 2012 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, பழைய காருக்கும் பொருந்தும். வாங்கின ஆறு மாசத்துக்குள்ள குறை வெளிப்பட்டா அது குடுக்கும்போதே இருந்ததுன்னு எடுத்துக்குவாங்க, இல்லன்னு டீலர்தான் நிரூபிக்கணும். ஆனா வயசுக்கேத்த தேய்மானமும், உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிட்ட குறையும் அதுல வராது. நேரடி ஓனர்கிட்ட வாங்கினா விலை குறையலாம், இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால படி 6 அங்க இன்னும் முக்கியம். பேசினது எல்லாம் எழுத்துல வரணும், குறிப்பா செக்ல பெரிய குறை வந்தா டெபாசிட் திரும்பக் கிடைக்கும்கற வரி. பழைய லோன் பாக்கி இருக்கான்னும் கேட்டு, தீத்ததுக்கு ஆதாரம் வாங்குங்க.

படி 8: பேர் மாத்தின பிறகு

ஒன்மோட்டாரிங் (அரசாங்க வாகன வெப்சைட்) போய் விக்கறவரும் நீங்களும் ரெண்டு பேரும் சிங்பாஸ் போட்டு மாத்திக்கலாம், அதுக்கு முன்னாடி உங்க பேர்ல இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கணும். சாவி வாங்கின வாரமே எல்லா ஆயிலையும் கூலண்டையும் மாத்திடுங்க, பழைய ஓனர் எப்ப மாத்தினார்ங்கறது வாய்ப்பேச்சு.

மலேசியாவுக்கு விஇபி (வெளிநாட்டு வண்டி உள்ள போறதுக்கான அனுமதி) வேணும், பழைய ஓனர் பேர்ல இருக்கறதை அவர் ரத்து பண்ணாத்தான் நீங்க பதிய முடியும், அவர்கிட்ட நல்ல உறவு இருக்கும்போதே பண்ணச் சொல்லிடுங்க. 2025 ஜூலை 1லேருந்து இல்லாம போனா 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது டேங்க்ல முக்கால் இருக்கணும், அங்க போய் ரான் 95 பெட்ரோல் போடக்கூடாது, வெளிநாட்டு வண்டிக்கு அது தடை. முதல் பயணம் ஜேபி வரைக்கும் மட்டும் போய்ட்டு வாங்க, அடுத்தது மலாக்கா, டெம்பரேச்சர் முள் அசையாம இருக்கறதை பாத்த பிறகு பினாங்குக்கு அம்மாவ கூட்டிட்டுப் போங்க.