பெண் குழந்தையின் பெயர் எப்படி முடியட்டும்? ஆ-வா ஐ-யா, னி-யா ணி-யா, ஸ்ரீ-யை எப்படி எழுதுவது?

தர்மபுரி என்றும் எழுதுகிறோம், தருமபுரி என்றும் எழுதுகிறோம். இரண்டு விதமாக எழுதினாலும் தபால் வந்து சேர்ந்துவிடுகிறது. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1018 ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துகளை மாற்றி அரசாணை வெளியானது, சில நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயர் அதையெல்லாம் தாங்கும். ஒரு பெண்ணின் பெயர் பிறப்புச் சான்றில் ஒரு மாதிரியும் ஆதாரில் இன்னொரு மாதிரியும் இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்று, பாஸ்போர்ட், பட்டா என்று போகும் இடமெல்லாம் அவளே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் எழுத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. அதை நட்சத்திரமோ குலதெய்வமோ பாட்டியோ முடிவு செய்திருப்பார்கள். சிக்கல் எப்போதும் வால்பகுதியில்தான். அதை முடிவு செய்யும் வழி கீழே.

(ஆங்கில எழுத்துகளைத் தமிழில் சொல்லும்போது குழப்பம் வரும். இங்கே ‘டி’ என்றால் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து, ‘டீ’ என்றால் இருபதாம் எழுத்து.)

தொடங்கும் முன்: அவசரம் வேண்டாம்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரையும் அந்த 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். சேர்த்த பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. எனவே பிரசவ வார்டில் படிவத்தை நீட்டும்போது, எழுத்து முடிவாகவில்லை என்றால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே அடிப்படை ஆவணம். அதில் விழும் எழுத்துதான் கடைசி வரை கூட வரும்.

படி 1: தமிழில் முடிவு செய்யுங்கள், ஆங்கிலம் பிறகு

பலர் முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு அதைத் தமிழாக்குகிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. ன, ண இரண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழ் வடிவத்தை உறுதி செய்யாமல் ஆங்கிலத்திலிருந்து திரும்பினால் மஞ்சுளா ‘மஞ்சுலா’ ஆகிவிடுவாள்.

ஆ-வா, ஐ-யா? வடமொழியில் ஆ என்று முடியும் பெண்பெயர்கள் தமிழுக்கு வரும்போது ஐ ஆகும் என்பது நன்னூல் சொல்லும் விதி. சீதா சீதை ஆனதும், ராதா ராதை ஆனதும், கங்கா கங்கை ஆனதும் அப்படித்தான். இரண்டும் சரி. தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஐ போட்டால் வேறு சொல் ஆகிறதா என்பது. மாலா மாலை ஆனால் பொழுதும் பூச்சரமும் நினைவுக்கு வரும், கலா கலை ஆனால் அழகாகவே நிற்கும். இன்னொன்று, பேச்சு. நம் பக்கப் பேச்சில் கடைசி ஐ தேய்ந்துவிடும். கோதை என்று பெயர் வைத்தாலும் தெருவில் ‘கோத’ என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் விழுந்ததை வைத்து எழுதுகிறவர் ஐ-யை விட்டுவிடுவார். எனவே ஐ-யில் முடியும் பெயரைச் சொல்லிப் பதிய வைக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

லா-வா, ளா-வா? கமலா, விமலா, நிர்மலா, சகுந்தலா, சுசீலா இவற்றுக்கு ல. மஞ்சுளா, மங்களா, பிரமிளா, ஊர்மிளா இவற்றுக்கு ள. இதற்கு விதி தேட வேண்டாம், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

யா-வில் முடியும் பெயர்களில் திவ்யா, திவியா, சந்த்யா, சந்தியா, ப்ரியா, பிரியா என்று இரட்டை வடிவங்கள் உண்டு. சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது என்பது தமிழ் மரபு, அதனால் ‘பிரியா’ என்பதே நல்லது. திவ்யா, வித்யா, ரம்யா போன்றவை பழகிப்போனவை, அப்படியே விடலாம். க்ஷி வரும் இடத்தில் ட்சி போடுங்கள்: மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி. க்ஷ எழுத்து ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி உடையும்.

படி 2: ணி-யா, னி-யா?

அதிகம் பேர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஹரிணி, ரோகிணி, ருக்மிணி, தாரிணி, தரங்கிணி: இவற்றுக்கு ணி. நந்தினி, மாலினி, பத்மினி, மோகினி, யாமினி, சுஹாசினி: இவற்றுக்கு னி. காரணம் வடமொழி ஒலி விதி. பெயரில் முன்னால் ர இருந்தாலோ, நாக்கை மடித்துச் சொல்லும் ஷ இருந்தாலோ, பின்னால் வரும் ன ண ஆகிவிடும். இடையில் உயிரெழுத்துகளும் க, ப, ம, ய, வ, ஹ போன்றவையும் வந்தால் தடையில்லை. ச, ஜ, த, ட, ல போன்றவை குறுக்கே வந்தால் மாற்றம் நின்றுவிடும். ரஞ்சனியில் ர இருந்தும் நடுவே ஞ்ச வந்து மறிப்பதால் னி-யாகவே நிற்கிறது. நம் பக்கத்து மாவட்டப் பெயரிலேயே இந்த விதி இருக்கிறது: கிருஷ்ணகிரியில் ஷ்-க்குப் பின்னால் ண வருவது இதனால்தான். (கல்யாணி போன்ற சில பெயர்களில் ண இயல்பாகவே இருக்கிறது, அங்கே இந்த விதியைத் தேடாதீர்கள்.)

இனி உண்மையான பொறி. வர்ஷிணி, ஹர்ஷிணி என்றால் ணி. பிரியதர்ஷினி என்றால் னி. தமிழில் பார்க்க மூன்றும் ‘ர்ஷி’ என்று ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் மழை, மகிழ்ச்சி என்ற பொருள் தரும் வர்ஷ, ஹர்ஷ என்பதில் உள்ளது நாக்கை மடிக்கும் ஷ. காண்பது என்ற பொருள் தரும் தர்ஷ என்பதில் உள்ளது ‘தரிசனம்’ என்பதில் வரும் மெல்லிய ச. அது வழியை மறித்துவிடும், னி மாறாது. நினைவில் வைக்க எளிய வழி: ‘தரிசனம்’ என்று எழுதும்போது ன போடுகிறோம், தர்ஷினிக்கும் ன போடுங்கள்.

ஏற்கெனவே பதிவாகிவிட்ட பெயரில் இது மாறியிருந்தால் பதற வேண்டாம். இலக்கணம் சரியாக இருப்பதைவிட எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருப்பது முக்கியம். ‘வர்ஷினி’ என்று பதிந்துவிட்டீர்களா, இனி எங்கும் அதுவே இருக்கட்டும்.

படி 3: ஸ்ரீ வைக்கப் போகிறீர்களா?

கண்ணுக்கு ஒரே ஸ்ரீ, கணினிக்கு இரண்டு. ஒன்று ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ. மற்றொன்று ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ. இந்த ஶ எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவில் தெரியும். ஒரு விசைப்பலகை முதலாவதைப் போடும், இன்னொன்று இரண்டாவதைப் போடும். பெயரைத் தேடும்போது ‘இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம், திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெயரைத் தட்டச்சு செய்து, ஸ்ரீ-க்குப் பின்னால் நின்று அழிக்கும் விசையை மூன்று முறை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் முதலில் ஈ குறி போகும், பிறகு ர, பிறகு புள்ளி. மிஞ்சி நிற்பது ஸ-வா ஶ-வா என்று பாருங்கள். ஸ நிற்கும் வடிவத்தையே எங்கும் பயன்படுத்தச் சொல்வேன், பழைய பதிவுகளில் அதுதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதே சோதனை கௌரி, கௌசல்யா பெயர்களுக்கும் தேவை. ஒரு முறை அழித்ததும் ‘க’ மட்டும் மிஞ்சினால் சரி. ‘கெ’ மிஞ்சினால், யாரோ ஒற்றைக்கொம்பும் ள-வும் சேர்த்து ‘கெள’ என்று அடித்திருக்கிறார்கள். திருத்துங்கள்.

அடுத்து இடைவெளி. ‘தனுஸ்ரீ’ என்று சேர்த்தே எழுதுங்கள். ‘தனு ஸ்ரீ’ என்று பிரித்தால், பெயரை இரண்டு கட்டமாகக் கேட்கும் படிவங்களில் ஸ்ரீ குடும்பப் பெயராகப் போய் உட்காரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இது பெரிய தலைவலி, அங்கே அப்பா பெயரும் அதே கட்டத்துக்காகக் காத்திருக்கும்.

படி 4: ஆங்கில முடிவு

ஸ்ரீ-க்கு ஆங்கிலத்தில் எஸ்-ஆர்-ஐ, எஸ்-எச்-ஆர்-ஐ, எஸ்-ஆர்-இ-இ, எஸ்-எச்-ஆர்-இ-இ என்று நான்கு வடிவங்கள் புழங்குகின்றன. சேர்த்தோ பிரித்தோ என்றால் எட்டு. தனுஸ்ரீயின் தொடக்கத்தை டி-எச் என்றும் டீ-எச் என்றும் எழுதுவார்கள் என்பதால் பதினாறு. ஒரே பெண்ணுக்கு! இருப்பதிலேயே குறுகிய எஸ்-ஆர்-ஐ போதும். எழுத்து குறைந்தால் தவறும் குறையும்.

கவிதா, சுஜாதா போன்ற தா-வுக்கு டீ-எச்-ஏ. வடக்கே டீ-ஏ என்று எழுதுவார்கள், நம் ஊர்க் கணினி மையத்தில் அது ‘கவிடா’ ஆகும். த-வை மெலிந்த ஒலியில் தொடங்கும் திவ்யா, தர்ஷினி போன்றவற்றுக்கு டி-எச். தர்மபுரியை ஆங்கிலத்தில் டி-எச் என்று தொடங்குவதும் இதே வழக்கம்தான்.

கடைசி ஆ-வுக்கு ஒரு ஏ போதும். கடைசி இ-க்கு ஆங்கில ஐ போடுங்கள், ஒய் வேண்டாம். சுமதியை டீ-எச்-ஒய் என்று முடித்தால் வெளியூர்க்காரர் ‘சுமதை’ என்று வாசிக்க இடம் உண்டு. ஐ-யில் முடியும் பெயருக்கு ஏ-ஐ: கோதை, முல்லை, தாமரை எல்லாமே அப்படித்தான்.

ழி-யில் முடியும் கனிமொழி, தேன்மொழி, கயல்விழி பெயர்களுக்கு இசட்-எச்-ஐ. ஓசூர் தாண்டினால் சிலர் அதை ‘ஜி’ என்று வாசிப்பார்கள், அதற்காக எல் போடாதீர்கள். தமிழ்நாட்டு ஆவணங்களில் ழ-வுக்கு இசட்-எச்தான் வழக்கம், திரும்பத் தமிழாக்கும்போது ழ-வாகவே வரும்.

எண் கணிதம் பார்த்து எழுத்து கூட்டுகிற வீடுகள் உண்டு. கூட்டுவதானால் ஆங்கிலத்தில் மட்டும், பதிவுக்கு முன்பே, ஒரே ஒரு தடவை.

படி 5: திருப்பு சோதனை

முடிவான ஆங்கில எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, குழந்தையின் பெயர் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் உள்ளூர்க்காரர், ஒருவர் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிறவர். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருந்தால் ஆள் தேடவே வேண்டாம். ன-ண, ல-ள மாறுவது பரவாயில்லை, ஆங்கிலத்தால் அதைக் காட்ட முடியாது. த ட ஆனாலோ, கடைசி உயிர் மாறினாலோ படி 4-க்குத் திரும்புங்கள்.

படி 6: எழுதிக் கொடுங்கள், திரையைப் பாருங்கள்

தமிழ் வடிவம் ஒரு வரி, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரு வரி. இந்தச் சீட்டைப் படம் எடுத்து அப்பா, அம்மா, பாட்டி எல்லோர் போனிலும் வையுங்கள். தமிழைத் தமிழ்99 விசைப்பலகையில் அடியுங்கள். ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை ணி-யை னி ஆக்கும், குரல் தட்டச்சு ஐ-யை விழுங்கும்.

ஆதார் மையத்தில் ஆங்கிலப் பெயரை அடித்ததும் தமிழ் தானாக விழும். அப்போது கடைசி கால் விட்டுப்போவது சகஜம்: கவிதா ‘கவித’, காவ்யா ‘காவ்ய’. உங்களுக்குத் தெரியும்படி திரையைத் திருப்பச் சொல்லி, தமிழ் வரியின் கடைசி எழுத்தை முதலில் பாருங்கள். ஒப்புகைச் சீட்டிலும் பாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அதில் ஒன்றை இதற்குச் செலவழித்தால், திருமணத்துக்குப் பின் பெயரில் மாற்றம் வேண்டும் என்றால் ஒன்றுதான் மிஞ்சும்.

பள்ளியில் சேர்த்ததும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பார்க்கக் கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் சரிபார்க்கத் தரும்போது, மகளையே சீட்டுடன் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பெங்களூரில் பிறந்த குழந்தைகள்

பதிவு பிறந்த இடத்தில்தான் நடக்கும், வசிக்கும் இடத்தில் அல்ல. ஓசூர்க் குடும்பமானாலும் பிரசவம் பெங்களூரில் என்றால் சான்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும், தமிழ் வரியே இருக்காது. கன்னடத்தில் காவ்ய, கமல, மஞ்சுள என்று கடைசி உயிரைக் குறிலாக எழுதுவது வழக்கம். அதைப் பார்த்துத் தமிழாக்கினால் கால் காணாமல் போகும். இவர்களுக்குப் படி 4-ம் 5-ம் இரட்டிப்பு முக்கியம். தமிழ் வடிவம் முதன்முதலில் பதிவாவது ஆதாரிலோ பள்ளியிலோதான், அங்கே சீட்டைக் கொடுங்கள்.

இன்னொன்று: பாட்டி பெயரை வைக்கிற வீடுகளுக்கு. மாதம்மா, மாதம்மாள், முனியம்மா, முனியம்மாள் என்று பழைய பத்திரங்களில் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கும். பேத்திக்கு அந்தப் பெயரைச் சேர்த்து வைப்பதானால், பாட்டியின் பட்டாவில் எது இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள். ள் இருந்தால் ள் போடுங்கள், ஆங்கிலத்தில் கடைசியில் எல் போடவும் மறக்காதீர்கள்.