கிழப்பூனையின் ஐந்தாவது நகம்

முன்காலின் உள்பக்கம் ஒதுங்கி நிற்கும் ஐந்தாவது நகம் தரையில் படாது, தேயாது. வயதான பூனை பிறாண்டுவதையும் குறைத்துவிடும். பழைய உறை உதிராமல் நகம் தடித்து, வளைந்து பாதத்தின் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பூனை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது விரலை மேலிருந்தும் கீழிருந்தும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் ரத்தக்குழாய்க்கு 2 மில்லிமீட்டர் முன்னால் மேலிருந்து கீழாக வெட்டுகிறேன். பக்கவாட்டில் நசுக்கினால் நகம் பிளக்கும். 2-3 வாரத்துக்கு ஒருமுறை போதும். ரத்தம் கசிந்தால் சோளமாவு (கார்ன்ஃபிளவர்) வைத்துச் சில நிமிடம் அழுத்துங்கள். அழுக்கைத் துடைக்க வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியே போதும். டெட்டால் வேண்டவே வேண்டாம்: பூனை பாதத்தை நக்கும், அதிலுள்ள குளோரோசைலெனால் என்ற கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. நகம் சதைக்குள் புகுந்துவிட்டதா? வீட்டில் பிடுங்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.