மாணவர்களுக்கு வீடு விடுகிறீர்களா? இதைப் பாருங்கள்

நாலு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் முதல் கேள்வி, ஒப்பந்தம் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றா, அறைக்கு ஒன்றா என்பதுதான். ஒன்றாகப் போட்டு, கூட்டுப் பொறுப்பு என்றும் எழுதிவிட்டால் ஒருவர் பாதியில் கிளம்பினாலும் மீதிப்பேர் முழு வாடகையையும் தர வேண்டும். அறைவாரியாகப் போட்டால் காலி அறையின் நஷ்டம் உங்கள் தலையில்தான், ஆனாலும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் என்றால் இதுவே நியாயம்.

சாவி கொடுக்கும் முன் வீடியோ எடுங்கள்: மெத்தையைத் தூக்கி அடியில், சிங்க்குக்குக் கீழே குழாய் மூட்டில், கதவுக்குப் பின்னால், கடைசியாக மீட்டர் ரீடிங். அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் முன்பணத்தில் பிடிக்கும்போது வாக்குவாதம் குறையும். ஆணி ஓட்டைக்கெல்லாம் பணம் பிடிக்காதீர்கள், அற்பத்தனம்.

அப்புறம், பழையவர்கள் போவதற்கும் புதியவர்கள் வருவதற்கும் நடுவே ஒரு வாரமாவது விடுங்கள், பெயின்டரும் பிளம்பரும் அப்போதுதான் நிம்மதியாக வேலை செய்ய முடியும்.